காசு தள்ளும் பலகை: இங்கிலாந்துப் பப்பிலிருந்து கல்லடி விறாந்தைக்கு

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பலகை இருக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், குறுக்கே பத்துக் கோடுகள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அதைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள். கேற்றடியில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது என்ன விளையாட்டு புள்ள, கரம் மாதிரியும் இல்ல, தாயம் மாதிரியும் இல்ல?"

ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக் களைத்துவிட்டேன்; அதனால் எழுதி வைக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து பிள்ளையைப் பார்க்க, கல்யாணத்துக்கு, பேறுகாலத்துக்கு என்று வெளிநாடு போய்வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். போனால் சொந்தக்காரர் வீடு, கோயில், கடை, திரும்பவும் சொந்தக்காரர் வீடு என்று நாள் முடிந்துவிடும். அந்த மண்ணின் ஆட்களோடு ஒரு மேசையில் ஒரு மணித்தியாலம் இருக்காமலே விமானம் ஏறிவிடுவோம். எனக்கும் அப்படித்தான் முடிந்திருக்கும், சித்தப்பா அந்த வியாழக்கிழமை கூப்பிடாமல் விட்டிருந்தால்.

சித்தப்பா 1990இல் ஊரை விட்டுப் போனவர். தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறார். தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போய், பாடசாலை விடுமுறை முடியும்வரை அங்கே நின்றேன். வியாழக்கிழமைகளில் கடையைச் சித்தியிடம் விட்டுவிட்டு, சித்தப்பா தெருமுனையில் இருக்கும் பப்புக்குப் போவார். "நீயும் வா மகள்" என்றார். நான் மாட்டேன் என்றேன்.

காரணம் நம் ஊரில் பார் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கம்பி அடித்த யன்னல், உள்ளே நீளும் கை, கடதாசியில் சுற்றிய போத்தல். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் போட்ட கட்டளை ஒன்று இலங்கையில் உண்டு. 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள். ஒரு கிழமை போவதற்குள் திரும்பவும் கொண்டுவந்தார்கள். எனக்குக் குடிப்பதில் விருப்பமில்லை, ஆகையால் அந்தக் கட்டளையால் எனக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குள் பெண் காலடி வைக்கலாம் என்ற நினைப்பே எங்களுக்குள் வளரவில்லை. சித்தப்பா வற்புறுத்தவில்லை. "குடிக்கிறவன் குடிப்பான், குடிக்காதவன் கதைச்சிட்டு இருப்பான். வாசல்ல நின்டு பாரு, பிடிக்கல்லெண்டா திரும்பிப் போவம்" என்றார்.

வாசலில் நின்று பார்த்தேன். கதிரைக்கடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மம்மா வயதில் ஒருவர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டு பேர் ஒரு பலகைக்கு மேல் குனிந்து, காசு ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன்.

முதலில் அந்த இடத்தின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். நாமே கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசைக் கொடுத்து, கையோடு எடுத்துக்கொண்டு வரவேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார் என்று நிற்கிற எல்லாருக்கும் தெரியும், முந்தினால் முகம் மாறும். இன்னொன்று, ஒருவர் நமக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தந்தால் அடுத்த முறை நாம் அந்த மேசைக்கே வாங்கவேண்டும். சோடா குடிக்கிறவருக்கும் அதே கணக்குத்தான். எனக்கு அது தெரியாது. இரண்டு முறை வாங்கித் தந்த பிறகு சித்தப்பா காதுக்குள் சொன்னார். நான் குடித்தது ஜின்ஜர் பியர். பெயரில்தான் பியர், நம் ஊரில் குழந்தைகளுக்கும் வாங்கிக் கொடுக்கும் அதே இஞ்சிச் சோடா. குடிக்காதவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம், ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

இனிப் பலகைக்கு வருகிறேன்.

விளையாட்டின் பெயர் ஷவ் ஹேப்னி. ஹேப்னி என்றால் பழைய அரைப் பென்னிக் காசு, ஷவ் என்றால் தள்ளுவது. பதினாறாம் நூற்றாண்டிலேயே க்ரோட் என்ற வெள்ளிக் காசை வைத்து அங்கே இப்படி ஒரு விளையாட்டு இருந்திருக்கிறது. அரைப் பென்னி பிறகு வந்து சேர்ந்தது. அந்த அரைப் பென்னியும் 1969இல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. 1971இல் அவர்கள் காசுக் கணக்கையே மாற்றிவிட்டார்கள். கடையில் செல்லாத காசு பலகையில் மட்டும் இன்னும் செல்லுகிறது.

பலகை சில இடங்களில் மரம், சில இடங்களில் சிலேட்டுக் கல் தகடு. நான் பார்த்தது கருஞ்சிவப்பு மகோகனி. முன்பக்கம் அடியில் ஒரு கட்டை இறங்கியிருக்கும். அது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்வதால் எவ்வளவு தள்ளினாலும் பலகை நகராது. குறுக்குக் கோடுகளுக்கு இடையில் ஒன்பது இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம். காசின் அகலம் ஓர் அங்குலம். ஆக, காசு கோட்டைத் தொடாமல் நிற்க மிஞ்சுவது கால் அங்குலம்தான். அந்தக் கால் அங்குலத்துக்குள்தான் முழு விளையாட்டும்.

ஒருவர் ஒரு முறைக்கு ஐந்து காசு தள்ளுவார். ஐந்தும் போன பிறகு, இரு கோட்டுக்கும் நடுவில் சுத்தமாக நிற்கும் காசுகளுக்கு மட்டும், அந்த இடைவெளியின் ஓரத்தில் சோக்கால் ஒரு கீறு. இடப்பக்க ஓரம் ஒருவருக்கு, வலப்பக்கம் மற்றவருக்கு. ஒன்பது இடைவெளியிலும் மூன்று மூன்று கீறு, மொத்தம் 27, யார் முதலில் முடிக்கிறாரோ அவர் வென்றார். ஓரிடத்தில் எனக்கு மூன்று நிரம்பிய பிறகு நான்காவது விழுந்தால் அது எதிராளிக்குப் போகும், அவருக்கு அங்கே தேவை இருந்தால். ஆனால் ஆட்டத்தை முடிக்கும் கடைசிக் கீறை மட்டும் அடுத்தவர் தயவில் வாங்க முடியாது, தன் கையால்தான் போடவேண்டும். இந்த விதியைக் கேட்டதும் எனக்கு விளையாட்டின் மேல் மரியாதை வந்தது.

அந்தப் பலகையைப் பராமரிப்பவர் எழுபது கடந்த ஒரு பெரியவர். காசுகளும் அவருடையவை, அவருடைய தகப்பன் காலத்தவை. சித்தப்பா என்னை அறிமுகப்படுத்தி, "எங்கட ஊர்ல இவள் நல்லாக் கரம் அடிப்பாள்" என்று அவருக்கு விளங்கப்படுத்தினார். உண்மைதான். அப்பாவிடம் பழகியவள்; மாரிக் காலத்தில் கரண்ட் போனால் லாம்பு வெளிச்சத்தில் கரம்தான் எங்கள் வீட்டுப் பொழுது. பெரியவர் உடனே எழுந்து எனக்கு இடம் விட்டார்.

அங்கேதான் என் முதல் பிழை. இரண்டு ஆட்டமாவது பார்த்துவிட்டுத் தொடுகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். கையில் பழக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் குனிந்து, காசைப் பலகையில் வைத்து, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போலவே விரலால் சுண்டினேன். காசு பத்துக் கோட்டையும் தாண்டி அந்தத் தலைப்பில் மோதி நின்றது. இரண்டாவதும் அப்படியே. கரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். இந்தக் காசு ஆறு கிராமுக்கும் குறைவு. அதோடு ஸ்ட்ரைக்கர் போய் இடித்துச் சக்தியை இன்னொரு காயிடம் கொடுத்துவிடும். இங்கே தள்ளிய காசே போய், தானாகவே நிற்கவேண்டும். இருபது வருஷமாக வேகமாகச் சுண்டிப் பழகிய என் விரலுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

இரண்டாவது பிழைதான் இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. யோசித்துக்கொண்டே, குளிர்ந்த கிளாஸைப் பலகையின் மூலையில் வைத்துவிட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கிளாஸைத் தூக்கி அடுத்த மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, வட்டமாக நின்ற ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். துடைக்கவில்லை, ஒற்றினார். பிறகு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார், காய்ச்சல் பார்ப்பதைப் போல. மரத்தில் ஈரம் ஊறினால் அந்த இடம் பொம்மும், காசு அங்கே தட்டும். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அன்றைக்கு மேலே விளையாட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வியாழன் வரைக்கும் அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. எங்கள் வீட்டில் யாராவது கரம் போர்ட்டின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்நிய ஊரில் யாருடைய பலகையிலும் கை வைக்கமுன் அது யாருடையது, எதை எங்கே வைக்கக் கூடாது என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

மறு கிழமை நேரே அவரிடம் போய், இன்றைக்குப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவருக்கு அது பிடித்தது. பக்கத்தில் கதிரை போட்டுத் தந்தார். அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசின் விளிம்பு பலகைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைப்பார். விரலைப் பாவிப்பதே இல்லை. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்கிற சதை, அதனால் நீட்டிய விளிம்பில் ஒரு தட்டு. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும், மணிக்கட்டு அசையாது. காசைத் தட்டியதும் கை பலகை விளிம்பில் மோதி நின்றுவிடும். அந்த விளிம்புதான் வேகத்துக்குக் கடிவாளம். நான் கவனித்த இன்னொன்று, காசு போய் நிற்கும்வரை அவர் தலையை நிமிர்த்துவதில்லை. காசின் ஒரு பக்கத்தில் ராசாவின் தலை இருக்கும், மறுபக்கம் 1937இலிருந்து ஒரு பாய்க்கப்பல். அந்தக் கப்பல் பக்கம் அவருடைய காசுகளில் தேய்ந்து மழுமழுவென்று இருந்தது. எப்போதும் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்தே தள்ளுவார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். கோட்டை, எண்ணிக்கையை எல்லாம் மறந்துவிட்டு ஒரே இடைவெளிக்குத் திரும்பத் திரும்பத் தள்ளச் சொன்னார். நடுவிலிருக்கும் ஐந்தாவது. இருபது, முப்பது தடவை. கையின் சதை சிவந்துவிட்டது. காசு முதலாவது கோட்டுக்கே போய்ச் சேராவிட்டால் எடுத்துத் திரும்பத் தள்ளலாம் என்பதால், மெதுவாகத் தள்ளத் தயங்க வேண்டியதில்லை என்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூடிப்போவதைவிடக் குறைந்துபோவது நல்லது. கூடிப்போன காசை ஒன்றும் செய்ய முடியாது. குறைவாகப் போய் நடுக் கோட்டில் ஏறி நிற்கும் காசை, பின்னால் வரும் காசால் மெல்ல இடித்து உள்ளே ஏற்றலாம். நல்ல ஆட்டக்காரர் முதல் இரண்டு காசைப் பக்கத்தில் விட்டுவைத்து, மற்ற மூன்றால் அவற்றை மேலே ஏற்றுவார். தூரத்து எட்டாவதும் ஒன்பதாவதும் கடினம் என்று எல்லாருக்கும் பார்த்ததும் தெரியும். மிகப் பக்கத்திலிருக்கும் முதலாவதும் அதே அளவு கடினம் என்பது தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு மெதுவாகக் கை அசைக்க நமக்கு வராது.

நான்காவது வியாழன், ஊருக்கு வருவதற்கு முதல் கிழமை, அவரோடு ஓர் ஆட்டம் முழுதாக விளையாடினேன். தோற்றேன். என் பக்கத்தில் 27இல் 19 கீறு இருந்தது. ஒரு காசு கோட்டில் முட்டுகிறதா இல்லையா என்று வந்தபோது அவர் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். எதிராளி பார்த்துச் சொல்வதுதான் அந்த மேசையின் வழக்கம். நேர் மேலே குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இருந்தது. "உங்களுக்குத்தான்" என்றேன். புறப்படும்போது ஒரு காசை என் கையில் வைத்து மூடினார்.

அந்த ஒற்றைக் காசோடு கல்லடிக்கு வந்தேன்.

அப்பா காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து போய் அம்மம்மாவின் பழைய உண்டியலைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். அதிலிருந்து எழுபதுகளின் பெரிய ஒரு ரூபாய்க் காசை எடுத்து, அரைப் பென்னியோடு சேர்த்து வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. பெருவிரலால் தடவிப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம் ரூபாய் கொஞ்சம் பாரம், அவ்வளவுதான். நன்றாகத் தேய்ந்த ஐந்தைத் தெரிந்தெடுத்தோம். ஒரு பக்கத்தை அரத்தால் ராவி வழுவழுப்பாக்கலாமா என்று கேட்டேன். "லட்சுமியப் போய் ராவுறதா?" என்று அப்பா மறுத்துவிட்டார். துணியில் வைத்துத் தேய்த்ததே போதுமாக இருந்தது. தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கும் போர்த்தேங்காய் அடிக்கிறவர்கள் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தெரிவார்களே, அந்தக் கவனத்தோடு அப்பா அந்த ஐந்தையும் தெரிந்தார்.

பலகைக்கு ஓடாவியாரிடம் போனோம். புதுப் பலகை வேண்டாம், காய்ந்து முறுகிய பழைய மரம்தான் வளையாது என்றார். எங்கள் பழைய தேக்கு அலுமாரியின் கதவைக் கழற்றிக் கொடுத்தோம். முதல் தடவை கோடுகளை வாளால் ஆழமாக அறுத்துவிட்டார். காசு ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கியது. மறுபக்கத்தைத் திருப்பி, சீவுளி பிடித்து, கோட்டைக் கத்தி நுனியால் மெல்லக் கீறி அதற்குள் பென்சில் ஓட்டினோம். இது சரிவந்தது. செய்கிறவர்கள் இரண்டாவது வழியிலேயே தொடங்குங்கள். அடிக்கட்டையை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பத்தாவது தள்ளில் பலகை மடியில் இருக்கும்.

போரிக் பவுடர் போட்டது இன்னொரு பிழை. கரத்துக்கு அது நல்லது, இங்கே காசு நிற்காமல் ஓடியது. பவுடரைத் துடைத்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணியால் தினமும் ஒரு தரம் அழுத்தித் தேய்க்கிறோம். கடற்கரைப் பக்கம் என்பதால் மாரி தொடங்கியதும் மரம் ஈரம் குடிக்கிறது. காசின் ஓட்டம் குறைவது கையிலேயே தெரிகிறது. மழை நாளில் பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவோம்.

முதல் நாள் கூடிய பொடியன்கள் எல்லாரும் கரம் அடிக்கிறவர்கள். நான் செய்ததையே செய்தார்கள், விரலால் சுண்டினார்கள். காசு செம்பருத்திப் பற்றைக்குள் போய் விழுந்தது. அப்பா மட்டும் பலகையைத் தொடவில்லை. சாய்கதிரையில் இருந்தபடி இரண்டு பின்னேரம் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து குனிந்து, உள்ளங்கைச் சதையால் தட்டினார். காசு மூன்றாவதில் போய் நின்றது. நான் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பெயர்களை அப்பாதான் வைத்தார். வாழ்க்கை முழுக்க வயல் செய்தவருக்கு அந்தப் பலகை வயலாகத் தெரிந்திருக்கிறது. இடைவெளிக்குப் பாத்தி, கோட்டுக்கு வரம்பு. "வரம்புல ஏறிற்று", "ஏழாம் பாத்தி காஞ்சு கிடக்கு, அங்க விடு" என்றுதான் இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே பப்பில் காசு போகும்போது ஒருவர் வாய் திறக்கமாட்டார். இங்கே அது நடக்கிற காரியமில்லை. கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்பு முறி விளையாட்டுக்கு வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, வசை பாடிப் பாடி இழுத்த மண் இது. விறாந்தையும் இரண்டு சேரியாகப் பிரிந்துவிட்டது. மச்சாள் எங்கள் சேரிக்குப் பாட்டே கட்டிவிட்டாள். மறித்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். விளையாட்டு வந்து சேர்ந்த ஊரின் வாய் அதற்கும் வரத்தானே வேண்டும். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: வரம்பில் முட்டுகிறதா என்பதை எதிராளிதான் பார்த்துச் சொல்லவேண்டும். பொடியன்கள் முதல் கிழமை பொய் சொன்னார்கள். ஒருவன் சொன்ன பொய்க்கு அவன் தங்கச்சியே எழும்பி, "அண்ணா, முட்டல்லதானே, ஏன் ஏமாத்துற?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிறு சித்தப்பா போனில் வந்தார். கமராவைப் பலகைப் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருகிறாராம். திரும்பிப் போகும்போது பெரியவருக்கு நம் ரூபாயில் ஐந்து கொடுத்துவிடச் சொன்னேன். மறுநாள் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பெரியவர் கேட்ட முதல் கேள்வி, அந்தக் காசு எவ்வளவு பாரம் என்பதாம். அப்பா நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்த்து வந்து சொன்னார்: "ஏழு கிராமாம். கை இன்னும் கொஞ்சம் அமத்தணும் எண்டு அவருக்குச் சொல்லு மகள்."